வெள்ளைப் பிடி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பற்றவைப்பு சரியாக ஓடியிருக்கிறதா என்று பார்க்க வெள்ளி வேலைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் அது. வீட்டுக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவருடைய அப்பாரு காலத்து .32 ரிவால்வர் ஒன்று உரிமத்தோடு இருக்கிறது. தோட்டாக்களை எடுத்துத் தனியே வைத்து, சிலிண்டர் காலியாக இருப்பதைத் திறந்து காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். துப்பாக்கி வைத்திருக்கத் தெரிந்தவர்.

"இரும்ப உடுங்க. பிடியப் பாருங்க. அசல் யானைத் தந்தமுங்க."

துப்பாக்கிப் பிடியின் இரண்டு பக்கமும் திருகு வைத்துப் பொருத்தும் தகடுகளைத்தான் கிரிப் என்கிறோம். இவர் துப்பாக்கியில் அவை வெண்ணெய் நிறத்தில் இருந்தன, ஓரங்களில் பழுப்பேறியிருந்தன. குழலில் துரு இல்லை, குதிரையில் துரு இல்லை. பிடித்தகட்டை ஒட்டிய இரும்பில் மட்டும் புள்ளி புள்ளியாக அரிப்பு. திருகின் தலை பாதி கரைந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல மேலிருந்து கீழாக நேர்கோடுகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். அடிப்புற விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்துவிட்டு அவரிடம் நீட்டினேன்.

முகர்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கற்பூர வாசமுங்க!"

செல்லுலாய்டு. நைட்ரோ செல்லுலோஸில் கற்பூரத்தைக் கலந்து செய்த, உலகின் முதல் வெற்றிகரமான பிளாஸ்டிக். பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தத்துக்கு மாற்று தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட் 1870 வாக்கில் அதற்குக் காப்புரிமை பெற்றார். சீப்பு, கத்திப்பிடி, கண்ணாடிச் சட்டம், பொம்மை என்று எல்லாம் அதில் செய்தார்கள். மெல்லிய தகடுகளை அடுக்கி அழுத்தி, தந்தத்தின் ரேகைபோல கோடுகள் வரும்படி செய்து 'பிரெஞ்சுத் தந்தம்' என்று விற்றார்கள். சேலத்துக்கு இந்தப் பொருள் புதிதல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படமெடுக்கத் தொடங்கிய 1930களில் ஃபிலிம் சுருளும் இதே நைட்ரேட் வகைதான். அந்தக் காலத்துத் தமிழ்ப் படச்சுருள்கள் பல எரிந்தும் மட்கியும் போனதற்கு என்ன காரணமோ, இந்த ரிவால்வரின் இரும்பு அரித்ததற்கும் அதே காரணம். பழைய செல்லுலாய்டு மெல்லச் சிதையும்போது நைட்ரிக் அமில ஆவியை விடும். பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தின்னும்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டதே இரண்டு விஷயம் கேட்கத்தான். இந்தப் பிடி பழசாகிவிட்டதால் நல்ல தந்தமாகப் பார்த்து வேறு போடுவது எப்படி, போட்டபின் அதைப் பேணுவது எப்படி. முதல் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் இன்று பதில் கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. ஆனால் திரும்பி வரும்போது என் மனத்தில் ஓடியது மூன்றாவது ஒரு கேள்வி. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு வெள்ளைப் பிடி மேல் ஏன் ஆசை வந்தது? ஆயுதத்துக்கு எந்தப் பிடி பொருந்தும் என்று உலகத்துக்கே செய்து காட்டிய ஊர் அல்லவா இது?

காரணத்தோடுதான் சொல்கிறேன். கஞ்சமலையின் இரும்புக்கல்லை உருக்கி இந்த வட்டாரத்தில் எஃகு செய்தார்கள். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று எழுதி வைத்தது நம் உருக்கைத்தான். அதன் செய்முறையை விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தவர். அவர் விவரிக்கும் பட்டறையை இன்றைக்கும் நாம் மனத்தில் கட்டி எழுப்பிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு பவுண்டு இரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி, உமி கலந்த களிமண் மூசையில் இறுக்கி அடைப்பார்கள். அதோடு இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை ஒன்றிரண்டு. பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி மூடுவார்கள். இப்படி இருபது இருபத்துநான்கு மூசைகளைச் சூளையில் வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம்போலத் துருத்தி ஊதுவார்கள். ஆவாரையும் எருக்கும் எரிந்து கரியாகும். அந்தக் கரி இரும்போடு சேரும். ஆறியபின் மூசையை உடைத்தால் சின்ன அப்பம்போல எஃகு விழும். எருக்கிலையைக் குழந்தையின் வயிற்றுக்கு வாட்டிப் போடவும், ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் வைத்திருக்கும் ஊரில், அதே செடிகளை இரும்புக்குக் கரி ஏற்றவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த எஃகைப் பற்றிக் கொஞ்ச காலமாக நிறையவே பேசுகிறோம், பெருமைப்படுகிறோம். அந்த எஃகை என்ன செய்தார்கள், யார் செய்தார்கள், அதற்கு எதில் பிடி போட்டார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வேட்டையாடித் திரிந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மனப்பாடமாக இருந்த இரண்டு ஆயுதக் கொல்லர்களின் பெயர்களில் ஒன்று ஔரங்காபாத் போதராஜ், மற்றது சேலம் அருணாசலம். குதிரைமேல் இருந்து காட்டுப்பன்றியைக் குத்தும் ஈட்டிமுனைக்கும், இடுப்பில் செருகும் வேட்டைக்கத்திக்கும் அருணாசலத்திடம் சொல்லி வைத்து வாங்கினார்கள். அலகில் 'அர்ணசெல்லம், சேலம்' என்று ஆங்கில எழுத்தில் முத்திரை பதிந்திருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தி கேட்டால் ஷெஃபீல்டு மாதிரி, பெரிய வேட்டைக்கத்தி கேட்டால் அதன் மாதிரி, எந்த வடிவமும் அவர் கைக்கு வந்தது. இன்றைக்கும் லண்டன் ஏலங்களில் அந்த முத்திரைக்குத் தனி விலை. நம் ஊரில் அவர் பெயரில் ஒரு சந்துகூட இருப்பதாக நான் அறியேன்.

அந்தக் கத்திகளில் அலகைவிட என்னை இழுப்பது பிடிதான். காணக் கிடைப்பவற்றில் மிகுதியும் கொம்புப் பிடிகள். எருமைக் கொம்பு அல்லது மான் கொம்பு. எருமைக் கொம்பாக இருந்தால் மேலே குறுக்குநெடுக்காகச் சின்னச் சின்னக் கட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். ரத்தமும் வியர்வையும் பட்ட கை வழுக்காமல் இருக்க அந்தக் கட்டம். எருமைக் கொம்பு நகமும் முடியும்போல கெரட்டின் புரதம். நார்போல வளைந்து கொடுக்கும், அடிபட்டால் சட்டென்று பிளக்காது. தந்தம் அப்படியல்ல. பல் அது. வழவழப்பாக இருக்கும், ஈரமானால் வழுக்கும், அடிபட்டால் ரேகை வழியே வெடிக்கும். புழங்குகிற கத்திக்குக் கொம்பு, பார்வைக்கு வைக்கிற கத்திக்குத் தந்தம் என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு.

ஆகவே தந்தப் பிடி என்றைக்குமே கைக்காகச் செய்தது அல்ல, எதிரில் இருப்பவர் கண்ணுக்காகச் செய்தது. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. மதுரை நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆண்மகனின் இடுப்பாடை மடிப்பு, பெண்ணின் கொண்டை முடிச்சு என்று நகத்தளவு இடத்தில் அவ்வளவு வேலை. மரமோ கொம்போ அந்த நுணுக்கத்துக்கு இடம் தராது. ஆனால் அது சிற்பம். அதையே ஆயுதத்தில் ஏற்றினால் ஆயுதம் ஆபரணமாகிவிடும். அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் 1916இல் எல் பாசோவில் வாங்கிய .45 கோல்ட் ரிவால்வரில் தந்தப் பிடி போட்டு, தன் பெயரின் முதலெழுத்துகளையும் அதில் பொறித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் அதை முத்துச்சிப்பிப் பிடி என்று எழுதினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமாம். சிப்பி ஆடம்பரம், தந்தம் கௌரவம் என்பது அவர் எண்ணம். அந்த ரிவால்வரால் அவர் சுட்டது மிகக் குறைவு, படம் பிடித்துக்கொண்டதுதான் அதிகம்.

நம் பக்கத்து ஆசை வந்த வழி ஷெஃபீல்டு வழி என்றே நினைக்கிறேன். இங்கே ஹீத்தின் கதை மறுபடி குறுக்கே வருகிறது. எஃகோடு மாங்கனீசைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல வார்ப்பெஃகு கிடைக்கும் என்று கண்டுபிடித்து 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டார்கள், காசு தரவில்லை. வழக்குப் போட்டுப் போட்டே களைத்து, தீர்ப்பு வருமுன் 1851இல் இறந்துபோனார். அந்த எஃகில் அலகும், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த தந்தத்தில் பிடியும் போட்டு ஷெஃபீல்டு உலகத்துக்கே சாப்பாட்டு மேசைக் கத்தி விற்றது. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் கிடங்கில் தந்தங்கள் விறகுக் கட்டையாக அடுக்கியிருக்கும் பழைய புகைப்படத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். கலெக்டர் பங்களா மேசையிலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார் வீட்டிலும் வெள்ளைப் பிடி என்பது வெள்ளைக்காரன் பிடி என்றே பொருள்பட்டிருக்க வேண்டும். மிட்டா மிராசுகள் அதைப் பார்த்து ஆசைப்பட்டதில் வியப்பில்லை. ராசிபுரத்து அப்பாரு வாங்கியது அந்த ஆசையின் கடைசித் துணுக்கு, அதுவும் போலி.

அசலாகவே இருந்திருந்தால், நல்ல பிடித்தகடு என்று எதைச் சொல்லியிருப்பார்கள்? தந்தத்தின் அடிப்பகுதி உள்ளீடற்றது, மண்டைக்குள் புதைந்திருப்பது. நுனிப் பக்கம்தான் கெட்டி. அந்தக் கெட்டிப் பகுதியின் நடுவிலும் நரம்பு ஓடிய சிறு துளை கரும்புள்ளியாகத் தெரியும். அது தகட்டுக்குள் வந்தால் அங்கே வெடிப்பு தொடங்கும். அறுத்த பலகையை உடனே இழைக்காமல் நிழலில் நெடுநாள் போட்டு ஆற வைக்க வேண்டும், பச்சைத் தேக்கில் கதவு செய்யக் கூடாது என்பதுபோல. இரண்டு பக்கத் தகடும் ஒரே துண்டிலிருந்து அடுத்தடுத்து அறுத்ததாக இருந்தால் ரேகையும் நிறமும் இணையும், சுருங்குவதும் ஒன்றுபோல இருக்கும். ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். இரும்போடு இம்மியும் இடமில்லாமல் இறுக்கிப் பொருத்தினால் அது கெட்ட வேலை. ஈரத்தில் தந்தம் உப்பும், வறட்சியில் சுருங்கும். மூச்சுவிட இடம் வேண்டும்.

எதில் செய்தது என்று இனங்காணும் கலை இன்னும் சுவையானது, இன்றைக்கு நமக்கு மெய்யாகவே உதவுவதும் அதுதான். பார்க்க வேண்டிய இடம் பிடித்தகட்டின் முகம் அல்ல, அடி விளிம்பு. தந்தத்தைக் குறுக்கே வெட்டிய பரப்பில், இரு திசையிலிருந்தும் வளைந்து வந்து ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும். கோரைப்பாய்ப் பின்னலைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். ஷ்ரேகர் கோடுகள் என்று அவற்றுக்குப் பெயர். யானை இனத்துத் தந்தத்துக்கு மட்டுமே உரிய கையெழுத்து. தந்தத்தின் வெளிப்புற ஓரத்தில் அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணம் சராசரியாக 115 பாகைக்கு மேல் இருந்தால் இன்றைய யானை, 90க்குக் கீழ் இருந்தால் பனிக்காலத்து மாமூத். எலும்பாக இருந்தால் கோடுகளுக்குப் பதில் நுண்ணிய பழுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும். ரத்தக் குழாய் ஓடிய தடங்கள் அவை. புற ஊதா விளக்கின் அடியில் தந்தம் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். பிளாஸ்டிக் பலவும் மங்கிக் கிடக்கும். ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். தந்தமாக இருந்தால் வடு விழும், செல்லுலாய்டாக இருந்தால் கையிலேயே குப்பென்று பற்றிக்கொள்ளும்.

சரி, அசல் என்றே தெரிகிறது. பிறகு? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1977இல் யானை முதல் பட்டியலுக்கு ஏறியது. 1986இல் அந்தப் பட்டியல் விலங்குகளின் உறுப்புகளில் வணிகம் தடைப்பட்டது. இறக்குமதி செய்த ஆப்பிரிக்கத் தந்தம் என்ற சந்து மட்டும் திறந்திருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. வணிகர்கள் நீதிமன்றம் போனார்கள். மாமூத் அழிந்துபோன விலங்குதானே, அதன் தந்தத்துக்கு என்ன தடை என்றும் ஒரு வாதம். சட்டத்தில் தந்தம் என்றால் தந்தம்தான், எந்த விலங்கினுடையது என்ற கேள்விக்கு இடமில்லை என்று 2003இல் பல்ராம் குமாவத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 1947க்கு முன் செய்த பொருளில் தந்தம் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் பதிவு செய்துவிட்டு விற்கலாம். இந்தியாவில் அந்தப் பேச்சே கிடையாது. எவ்வளவு பழசானாலும், எவ்வளவு சிறிதானாலும், விற்கவோ காசுக்குக் கைமாற்றவோ முடியாது.

வைத்திருக்கலாமா என்பது வேறு கேள்வி. தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமைச் சான்று இருந்தால் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்தால் வாரிசு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 2003இல் சான்றில்லாமல் வைத்திருந்தவர்களுக்கு 180 நாள் அவகாசம் கொடுத்து அறிவிக்கச் சொன்னார்கள். எத்தனை வீடுகளில் அது காதில் விழுந்திருக்கும்? துப்பாக்கி உரிமத்தைத் தவறாமல் புதுப்பிக்கிறவர்கள்கூட அதன் பிடிக்குத் தனியாக ஒரு சான்று வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே பொருளில் இரும்பு கலெக்டர் ஆபீசுக்குக் கட்டுப்பட்டது, பிடி வனத்துறைக்குக் கட்டுப்பட்டது. மான் கொம்புப் பிடிக்கும் இதே கதிதான். அருணாசலத்தின் கத்தி இன்று சேலத்துக்கே திரும்பி வந்தாலும் முதலில் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம்.

இந்தக் கெடுபிடி அதிகம் என்று முணுமுணுப்பவர்களை நான் அறிவேன். மேட்டூருக்கு மேலே கொளத்தூர் வரை ஒருமுறை போய்வரச் சொல்வேன். அந்த மலைத்தொடரில்தான் வீரப்பன் சந்தனமரத்துக்கு முன்பே தந்தத்தில் கைவைத்தான். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டபின் அவனைப் புதைத்ததும் சேலம் மாவட்டத்து மூலக்காட்டில்தான். அவனைப் பற்றிப் படமும் தொடரும் வந்துகொண்டே இருக்கின்றன. அவன் யாருக்கு விற்றான், வாங்கியவர்கள் வீட்டில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று எவரும் படம் எடுக்கவில்லை. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே தந்தம். ஆகவே வேட்டை ஆண்களை மட்டும் பொறுக்கியது. பெரியாறு காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்ற அளவுக்கு விகிதம் சரிந்ததை ராமன் சுகுமார் போன்ற யானை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். கொம்பன்கள் குறைந்த காட்டில் மக்னாவின், அதாவது தந்தமில்லாத ஆணின், பங்கு கூடியது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு முதலில் யானையைத் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். இன்று கொல்லிமலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குதான் உண்டு, யானை கிடையாது.

சான்றோடு ஒருவர் வீட்டில் அசல் தந்தப் பிடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் அன்புதான். விளக்கைப் புளி போட்டுத் துலக்கும் கை, பழுப்பேறிய பிடியையும் அப்படியே துலக்கிவிடும். தந்தத்தில் பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட் சார்ந்த கனிமம், மீதி கொலாஜெனும் ஈரமும். புளி, எலுமிச்சை, தயிர் எல்லாமே அமிலம், கனிமத்தைக் கரைக்கும். ஒருமுறை துலக்கினால் பளிச்சென்று இருக்கும். லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு கோலமாவு கொட்டியதுபோலச் சொரசொரப்பாகியிருக்கும். தேங்காயெண்ணெய் தடவுவது இன்னொரு தவறு. எண்ணெய் உள்ளே இறங்கிக் காலப்போக்கில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்துவைக்கும். பழுப்பே ஒரு நோயல்ல என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். கைபட்டுக் கைபட்டு ஏறும் தேன்நிறத்தைச் சேகரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இருட்டில் பூட்டி வைத்தால் தந்தம் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அதற்காக வெயிலில் காய வைத்தால் வெடித்துவிடும்.

துப்பாக்கிக்கு உள்ள தனிச் சிக்கல், இரும்புக்கு நல்லது தந்தத்துக்குக் கெட்டது என்பது. குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பானும் எண்ணெயும் பிடியில் பட்டால் கறை நிரந்தரம். செம்புப் படிவை எடுக்கும் அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம். துடைக்க உட்காருமுன் பிடித்தகடுகளைக் கழற்றித் துணியில் சுற்றி வேறு மேசையில் வைத்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் திருப்புளியை ஓரத்தில் கொடுத்து நெம்பக் கூடாது. திருகைப் பாதி தளர்த்தி, அதன் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு தானாக எழும். திரும்பப் போடும்போது திருகு இறுகியதும் நிறுத்த வேண்டும். 'இன்னும் கால் சுற்று' என்பதில்தான் பாதி தந்தங்கள் வெடித்திருக்கின்றன. துருவின் கறையும் பித்தளைப் பச்சையும் தந்தத்துக்குள் ஊறும் என்பதால் உள்பக்க இரும்பை எண்ணெய் ஈரமில்லாமல் உலர்வாகத் துடைத்திருக்க வேண்டும்.

தோலுறையில் வருடக்கணக்கில் செருகி வைப்பதும் கூடாது. தோல் பதனிட்ட துவர்ப்புப் பொருள் தந்தத்தில் பழுப்புக் கறையாக இறங்கும், தோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மெத்தென்ற பழைய வேட்டித் துணி போதும். இங்கே இதற்குப் பெரிய எதிரி பருவம். சித்திரை வைகாசியில் காற்று உலர்ந்து, மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் அடுப்புபோல இருக்கும். ஆவணி புரட்டாசியில் மழை பிடித்தால் அதே பீரோவில் துணி நமுத்துவிடும். தந்தத்துக்கு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது. 45இல் இருந்தாலும் 55இல் இருந்தாலும் குற்றமில்லை, ஒரு நாளில் ஏறி ஒரு நாளில் இறங்குவதுதான் கொல்லும். ஆகவே வீட்டின் நடு அறையில், உள்சுவர்ப் பக்கம், மரப்பெட்டிக்குள். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறை ஆகாது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில் அங்கே இருக்கும். அப்போது ரசீதில் துப்பாக்கி எண்ணோடு பிடி எதில் செய்தது, அதில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் சிரிப்பார்கள், எழுதியும் கொடுப்பார்கள். சின்ன வெடிப்பு விட்டால் ஒரு சொட்டு உடனடிப் பசையை விடத் தோன்றும். அது பிறகு எடுக்க முடியாதபடி மஞ்சள் கோடாக நிற்கும். வெடிப்பை வெடிப்பாகவே விட்டு, ஈரத்தை நிலைப்படுத்தினால் பெரும்பாலும் அதற்குமேல் வளராது.

ராசிபுரத்துப் பிடிக்கு இதில் எதுவும் பொருந்தாது. சிதையத் தொடங்கிய செல்லுலாய்டைக் காப்பாற்ற முடியாது, அது மற்றதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். கழற்றி, இரும்பிலிருந்து விலக்கி, காற்றுப்புகாத டப்பாவில் அடைக்காமல், குளிர்ச்சியான இடத்தில் காகிதத்தில் வைக்க வேண்டும். அடுப்பு, ஊதுபத்தி, சாமி அறை ஆகாது. புதுப் பிடிக்கு என்ன போடலாம் என்று கேட்டார். எருமைக் கொம்பு என்றேன், கட்டம் செதுக்கி. அருணாசலத்தின் கதையையும் சொன்னேன்.

"நம்மூர்க்காரரா அவுரு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எருமைக் கொம்புன்னா சொந்தக்காரங்க சிரிக்கப் போறாங்க. தோதகத்தியில போட்டுக்கறனுங்க."

அடுத்த முறை போனபோது உரிமம் பெற்ற கடைக்காரர் மூலம் தோதகத்தித் தகடு பொருத்தியிருந்தார். இரும்பின் அரிப்பை மேலும் பரவாதபடி துடைத்து எண்ணெய் போட்டிருந்தார்கள், புள்ளிகள் அப்படியே இருந்தன. பழைய தகடுகளை ஒரு காகிதக் கவரில் போட்டு மேலே எழுத பேனாவை எடுத்தார். 'அப்பாரு துப்பாக்கி' என்று எழுதினார். அடுத்த வரியில் 'த' எழுதி அடித்துவிட்டு, 'வெள்ளைப் பிடி – 2' என்று எழுதினார். பீரோவில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்ததால், திண்ணைப் பக்கத்து மாடத்தில், பேரன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.